ஓர்வேன் உச்சி

கடைசித் திருப்பத்தில் கோவேறு கழுதை நின்றுவிட்டது.
அதைக் குறை சொல்ல மாட்டேன்.
படிகளில் பாதியை மழை தின்றிருந்தது,
மீதியை ஆடுகள்.
தெஸ்கா சந்தையில் பித்தளை வீசை ஒன்பது வெள்ளி.
அதற்காகத்தான் ஏறினேன்,
வானத்துக்காக அல்ல.

கூரை, குஞ்சு வெளியேறிய முட்டை ஓடு.
நோக்குபவரின் நாற்காலியில்
அடியிலிருந்து துளைத்து எழுந்து
ஒரு முள்மரம் உட்கார்ந்திருந்தது.
இரண்டு ஆள் உயரத்துக்குப் பித்தளை வளையம்.
களிம்புக்குக் கீழே பாகைக் கோடுகள்
நகத்தில் இன்னும் இடறின.
ரம்பத்தை எடுத்து வெளியே வைத்தேன்.

யார் இடித்தது என்பதற்குக் கீழே மூன்று கதை.
இடி விழுந்தது என்பார்கள் உப்புக்காரர்கள்.
வட்டிக்கடைக்காரர்கள் என்பார்கள், குரலைத் தாழ்த்தி,
தோல் பதனிடுகிறவர்கள்.
மூன்றாவதை யாரும் முழுசாகச் சொன்னதில்லை.

எங்கள் வானத்துக்கு இரண்டு நிலா.
பெரியது ஒழுங்கானது, வேலைக்காரனைப் போல் வந்து போகும்.
மற்றது நொண்டி.
அறுபது ஆண்டுக்கொரு முறையோ, எண்பதோ,
அதற்கே தெரியாது.
தெஸ்காவின் கடன் பத்திரமெல்லாம் அதன் பேரில்தான்:
நொண்டி நிலா ஓர்வேன் உச்சியில் தென்படும் அன்று
அசலும் வட்டியும்,
தவறினால் ஆளும்.
வராத நிலாவை நம்பிக் கடன் வாங்குவது சுலபம்.
என் கொள்ளுப்பாட்டன் நாற்பது செம்மறிக்குக்
கைநாட்டு வைத்தான்.
செம்மறிகள் அந்தக் குளிரிலேயே செத்தன.
கைநாட்டு சாகவில்லை.

அலமாரிக்குப் பின்னால் குறிப்பேடு,
ஓரங்களை எலி கணக்குப் பார்த்திருந்தது.
கடைசியாக இங்கே இருந்தவர் ஹால்வென். கோணல் கையெழுத்து.
வால்மீன், தென்மேற்கே, மங்கல்.
இடது காலுறை காணவில்லை.
பருப்பு தீர்ந்தது, சொல்லியனுப்பியும் பயனில்லை.
பிறகு அறுபத்தேழு இரவுகள்
ஒரே சொல்.
மேகம்.
மேகம்.
மேகம்.

ஆண்டைப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது.
கிணறுகள் வெடித்த ஆண்டு அது.
இன்றைக்கும் எங்கள் ஊரில் பொய்யனைத் திட்ட
'அந்த வருஷம் மழையில் நனைந்தவன்' என்போம்.
துடைத்து வைத்த தட்டு மாதிரி வானத்தின் கீழே உட்கார்ந்து
மேகம் எழுதியிருக்கிறார் மனிதர்.
குடிப்பார் போல, பாவம்.

இருட்டிய பிறகுதான் குழலைக் கண்டேன்.
அதன் வாயில் காக்கைக் கூடு.
கூட்டுக்கு அடியில், ரொட்டித் தட்டு அகலத்தில்,
உடையாத வில்லை.
உடையாதது என்றால் விலையே வேறு.
கீறல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கண்ணை வைத்தேன்.

மலைத்தோளுக்கு மேலே ஒரு கடுகு.
அழுக்கு என்று சட்டைக்கையால் துடைத்தேன்.
போகவில்லை.
எச்சில் தொட்டுத் துடைத்தேன்.
கடுகு கொஞ்சம் நகர்ந்திருந்தது,
ஒரு பக்கமாகச் சாய்ந்து,
காலை இழுத்து இழுத்து.

வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றுமில்லை.
கீழே தெஸ்காவின் விளக்குகள் இருந்தன.
ரொட்டி அடுப்பு. சுங்கச்சாவடி.
வட்டிக்கடை மாடியின் ஏழு ஜன்னல்கள்.
எதிலும் சேராமல், ஆற்றோரம், அணையாத ஒன்று
என் தம்பி வீடு.
குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
பிறந்து பதினோரு நாள்.

ஹால்வென்,
உமக்கும் கீழே யாராவது இருந்தார்களா?
அல்லது எல்லா விளக்கையும் எண்ணிப் பார்த்தீரா?
அறுபத்தெட்டாம் நாள்
படியேறி வந்தது யார்?

மைக்கூட்டில் கருப்பாக ஒரு பொருக்கு.
எச்சில் விட்டுக் குழைத்தேன்.
தேதி தெரியாததால் 'இன்று' என்று போட்டு
அவருடைய கடைசி வரிக்குக் கீழே
அதே சொல்லை எழுதினேன்.
என் எழுத்தும் கோணல்தான்.

கூட்டைத் திரும்ப வைத்தபோது
காக்கை என் மணிக்கட்டைக் கொத்திவிட்டது.
ரம்பத்தில் பனி. மடித்துக் கட்டினேன்.

வெறுங்கையோடு வந்தாயே இல்னா என்று
சந்தையில் கேட்பார்கள்.
உச்சி வரை போகவே முடியவில்லை என்பேன்,
பாதி வழியிலேயே
ஒரே மேகம்.