உள்ளிழுவை

போர்த்வீன் மீனவர் கூடத்தில் மரண விசாரணை.
என் வேலை சுருக்கெழுத்து,
யார் எதைச் சொன்னாலும் சொன்னபடி.
ஆறு வருடத்தில் ஒரு சொல்லுக்கும் நின்றதில்லை பென்சில்.
இரண்டாம் நாள், பதினொன்று இருபதுக்கு, நின்றது.

துறைமுக வழிகாட்டி டிகரி ட்ரெவாஸ்
தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்:
"அங்கே ஓர் இன்ட்ராஃப்ட் உண்டு, ஐயா."

"பேங்க் டிராஃப்டா?" என்றார் விசாரணை அதிகாரி.
பின்வரிசையில் யாரோ சிரித்து
அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அகராதி வந்தது, நூலக முத்திரையோடு.
உள்நோக்கிய ஓட்டம்.
நீருக்கும் சொல்வர், காற்றுக்கும் சொல்வர்.
அருகிய வழக்கு.
நான் எழுதியதில் ஓர் எஃப் இருந்தது.
அகராதியில் இல்லை.
அந்த இடத்தில் வேறு இரண்டு எழுத்துகள்,
சொந்த ஒலியை எங்கோ தொலைத்துவிட்டு
இரவல் ஒலியில் நின்றுகொண்டிருந்தன.
அழித்துத் திருத்தினேன்.
(பிற்பாடு அதை நீரோட்டம் என்று மாற்றச் சொன்னார்கள்.
மாற்றவில்லை.
யாரும் படித்துப் பார்க்கவும் இல்லை.)

"ஓட்டம் என்றால் தெரியும், ஐயா,
நுரை இருக்கும், சத்தம் இருக்கும்,
மிதவை சாயும், பார்த்து ஒதுங்கலாம்.
இது வேறு.
ஏற்றம் பாதியானதும்
வளைகுடா மெல்ல உறிஞ்சும்,
சூடான சூப்பை உறிஞ்சுகிறவன் மாதிரி.
தண்ணீர் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது.
திசைகாட்டி வடக்கை வடக்கென்றே சொல்லும்.
இயந்திரம் சீராக ஓடும்.
குவளையில் தேநீர் சிந்தாது.
படகு நேராகத்தான் போகும்.
படகையும் அதன் நேர்க்கோட்டையும் சேர்த்து
கடல் பக்கவாட்டில் எடுத்துப்போகும்."

"இறந்தவருக்கு இது தெரியுமா?"

டிகரி தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்தார்.
"அந்தச் சொல்லை எனக்குச் சொன்னதே பாஸ்கோதான்."

அப்போது யாரோ கதவைத் திறந்தார்கள்.
அடுப்பில் நெருப்பு ஒருமுறை உறுமி அடங்கியது.
கதவைச் சாத்தச் சொன்னார் அதிகாரி.

பிறகு கெரன்சாவை அழைத்தார்கள்.
படகுகளின் அலைவரிசை
அவள் சமையலறை ரேடியோவில்
இரவும் பகலும் திறந்தே இருக்குமாம்.
கடைசியாகக் கணவர் என்ன பேசினார்?

அவள் பேசவில்லை.
மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள்.
இழுத்துக்கொண்டே இருந்தாள்.
ஈரக் கோட்டுகளின் வாடை,
நிலக்கரிப் புகை, ஜன்னல் வெளிச்சம்,
எல்லாம் அந்தப் பக்கமாகப் போவதுபோல் இருந்தது.
நாற்பது பேரும்
ஒரு விரற்கடை முன்னால் சாய்ந்திருந்தோம்.
நாற்காலி ஒன்றுகூடக் கிரீச்சிடவில்லை.

சொன்னபடி எழுத அதில் என்ன இருக்கிறது?
சுருக்கெழுத்தில் மௌனத்துக்கு ஒரு கோடு.
போட்டேன்.
போட்ட கோடு நேராகத்தான் இருந்தது.

"கரை நன்றாகத் தெரிகிறது என்றார்," என்றாள்.
"நம் வீட்டு விளக்குகூடத் தெரிகிறது,
இன்றைக்கென்று இவ்வளவு கிட்டத்தில், என்றார்."