ஆறு கிலோ

வாட்ஸோவில் வீடு என்றால் மரம்.
சுவர் மரம், படி மரம்,
பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே
ஒரு சறுக்குவண்டி போகிற அகலம்.

கடையில் இரண்டு வகை வைத்திருந்தார்கள்.
நுரை சுத்தம் என்றான் விற்கிற பையன்,
அடித்தபின் துடைத்துவிடலாம், சோபா பிழைக்கும்.
வாசலறையில் மாட்டப்போகிறோம், என்றேன்,
ஜனவரியில் அங்கே மைனஸ் பதினெட்டு.
நுரையை மெல்ல
அலமாரிக்குத் திருப்பி அனுப்பினான்.

ஆறு கிலோ பொடி. சிவப்பு.
வெள்ளையிலும் உண்டு,
சுவரோடு சுவராய்க் கண்ணுக்கே தெரியாது
என்று அட்டையில் போட்டிருந்தது.
கண்ணுக்குத் தெரியாமல் இருக்க
எதற்கு ஒன்றை வாங்குவது?

ஆஸ்லாக் கொக்கியை அறைந்தான்.
அடுப்பருகே அல்ல,
எரிகிற அடுப்பைத் தாண்டி யார் கையை நீட்டுவது?
வெளியே ஓடுகிற வழியில், கதவோரம்,
என் தோள் உயரத்தில்.
அன்று மாலையே அதன் மேல்
தன் கம்பளிக் கோட்டைத் தொங்கவிட்டான்.
அதற்கு ஒரு சண்டை.

பிறகு எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை.
முள் பச்சையில் நிற்கிறதா,
முத்திரை அறுபடாமல் இருக்கிறதா,
குழாய் வாயில் சிலந்தி குடியேறியதா.
எப்போதாவது அதைத் தலைகீழாய்க் கவிழ்த்து
வயிற்றில் காது வைப்பான்.
கூரைப் பனி வழுக்குவதற்கு முன்
ஒரு மூச்சு விடுமே,
அந்தச் சத்தத்தோடு பொடி சரியும்.
சரியாவிட்டால் ரப்பர் சுத்தியலால்
அடியில் இரண்டு தட்டு.
"தூங்கிப்போயிருந்தான்" என்பான்.
ஒன்பது வருஷம் எழுப்பி எழுப்பித்
தூங்கவைத்தோம்.
ஐந்தாம் வருஷம் சர்வீஸுக்குப் போய்
புதுச் சீட்டு ஒட்டிக்கொண்டு வந்தது,
நான் கண்ணாடி மாற்றிய அதே வாரம்.

இங்வால்ட் எங்களோடு பேசி
நாலு குளிர்காலம் ஆகியிருந்தது.
வழித்த பனியை யார் பக்கம் தள்ளுவது
என்று ஆரம்பித்து
யார் ஆரம்பித்தது என்பதில் வந்து நின்றது.

பிப்ரவரி. விடியாத ஆறு மணி.
மீன் ஆலைக்குக் கிளம்பி பூட்ஸ் மாட்டுகிறேன்,
ஜன்னலில் தப்பான நிறம்.
நேற்றைய அடுப்புச் சாம்பலைக்
காகிதப் பையில் கட்டி
மரப்படியில் வைத்திருக்கிறான் மனுஷன்.
நீறு பூத்தால் அணைந்தது என்று யார் சொன்னது?

கையுறையோடு பூட்டு ஊசி வரவில்லை.
பல்லால் உருவினேன் கையுறையை.
இரும்பு விரலைக் கடித்தது.
ஆஸ்லாக் உள்ளேயிருந்து
நூற்றுப்பத்துக்குத் தெருப்பெயரைக் கத்துகிறான்.
தலையைப் பார்க்காதே, காலைப் பார்.
ஒன்பது வருஷமாய்ச் சிவப்பு வயிற்றில்
எழுதியிருந்த படம் அதுதான்.
தீ மேலே கை வீசி என்னைக் கூப்பிட்டது.
நான் அதன் பாதத்தைப் பெருக்கினேன்,
இடமும் வலமும், துடைப்பம் பிடித்தவளாய்.
எட்டு எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது.
மிச்சத்தையும் அடித்தேன்,
அது கோபத்தில்.

கதவு திறந்தது.
நீள உள்ளாடையில் இங்வால்ட்.
எங்கும் எலுமிச்சை நிறப் பொடி,
படி, தபால்பெட்டி, என் புருவம்.
"என் பனியில்..." என்று ஆரம்பித்தான்.
கரிந்த படியைப் பார்த்தான்.
நிறுத்திக்கொண்டான்.

ஒருதரம் அழுத்தினால் அவ்வளவுதான்,
பாதி மிச்சம் என்று திரும்ப மாட்டக்கூடாது.
இரண்டு நாள் கொக்கி வெறுமையாய் நின்றது.
ஆஸ்லாக் அதில் கோட்டை மாட்டவில்லை.

மூன்றாம் நாள் இங்வால்ட் வந்தார்.
ஒரு கையில் எங்களுக்கு ஒன்று,
மறு கையில் தனக்கு ஒன்று,
கக்கத்தில் மூடி போட்ட தகர வாளி.
நன்றி என்கிற சொல்லை
வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.
"எந்த உயரத்தில் மாட்டுவது?"
யார் ஓடிவந்து எடுப்பாரோ
அவர் உயரத்தில், என்றேன்.
என் தோளை ஒருமுறை பார்த்தார்.
மதியம் அவர் வாசலில்
ஆணி அறைகிற சத்தம் கேட்டது.

மே மாதம் பனி உருகியபோது
அவர் பக்கத்தில் மட்டும்
மஞ்சளாய் ஒரு கோடு கிடந்தது.
தள்ளியது யார் என்று
இந்த முறை கேள்வி வரவில்லை.