பதினேழாவது கட்டம்

பதினாறில் வண்டியின் எண்.
பதினேழில் தலைக்கவசம்:
அணிந்திருந்தார். அணியவில்லை. தெரியவில்லை.
மூன்றில் ஒன்றுக்கு டிக் போட
எனக்குச் சம்பளம்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, ராத்திரி ஷிப்டு.
சீவலப்பேரி ரோட்டில் விழுந்தவரும்
நாலுவழிச்சாலையில் கங்கைகொண்டான் பக்கம் விழுந்தவரும்
ஒரு சக்கரம் கீச்சிடும் அதே ஸ்ட்ரெச்சரில்தான் வருவார்கள்.
கூட வந்தவரிடம் கேட்பேன்:
ஹெல்மெட் போட்டிருந்தாரா?

"போட்டிருந்தார்னு எழுதுங்கக்கா, இன்சூரன்ஸ் கிடைக்கும்லா."
"போடலைன்னு எழுதும்மா, கேஸ் சீக்கிரம் முடியும்" என்று ஒரு ஏட்டு.
தம்பிக்காரன் ஒருத்தன் பதிலே சொல்லாமல்
என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
அது சாய்கிற பக்கம்தான்
அண்ணன் பிழைப்பான் என்பதுபோல.

மாசக் கடைசியில் கூட்டிப் போட்டு அனுப்புவோம்.
அது சென்னைக்குப் போய்ச் சதவீதமாகி
வண்ணாரப்பேட்டையில் போர்டாகத் திரும்பி வந்து நிற்கும்.

போர்டின் நிழலில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற
மாசானமுத்து அண்ணாச்சிக்கு என்னைக் கண்டால் போதும்.
"ஏம்மா வியாகுலம், போன மாசம் செத்தவன்ல
எத்தன பேரு போட்டிருந்தான்?"
பதினொன்றில் நாலு, என்றேன். பொய் வரவில்லை.
"அப்ப என்னத்துக்கு இந்தச் சட்டி?"
ஸ்பேனரால் டேங்கில் ஒரு தட்டு, கோர்ட்டில் தட்டுகிற மாதிரி.
"காது அடச்சிரும். கழுத்து வலி. சித்திரை வெயிலு மண்டைய அவிச்சிரும்.
பின்னால லாரிக்காரன் ஹாரன் கேட்டுக் கேட்டு ஒதுங்கித்தாம்மா
இருவது வருசமா உசுரோட இருக்கேன்."

இருபது வருடம் விழாத மனிதரிடம்
விழுவதைப்பற்றி என்ன பேச?

சொல்ல வேண்டியது, வழக்கம்போல,
கொக்கிரகுளம் பாலம் தாண்டியபிறகுதான் வாயில் வந்தது.
அண்ணாச்சி,
தலைகுப்புற விழுந்து,
எழுந்து, கைலியை உதறிக் கட்டி,
"ஒண்ணுமில்லவே, சோலியப் பாரும்" என்று
கீறல் விழுந்த ஹெல்மெட்டோடு முக்கூடலுக்குப் போய்
சோறு தின்று படுத்தவன்
என் பதிவேட்டில் இல்லை.
அவனுக்குக் கட்டம் அடிக்கவில்லை.
அவன் எத்தனை பேர் என்று எனக்கும் தெரியாது,
சென்னைக்கும் தெரியாது.
தெரியாததையும் கூட்டினால்தான் உங்கள் நாலு
எவ்வளவு என்று தெரியும்.

பாலத்தில் எதிர்க்காற்று. நானே கேட்டுக்கொண்டேன்.

செவ்வாய் ராத்திரி கோயில்பிச்சை வந்தார்.
வயது முப்பத்துநாலு, முன்னீர்பள்ளம்.
ஆம்புலன்ஸ் பையன் ஹெல்மெட்டையும் கொண்டுவந்து
என் மேஜைமேல் வைத்தான்.
"கையில மாட்டியிருந்தாருக்கா. செக்கிங் இருந்தா எடுத்துப் போட."
உள்ளே
அரைக்கிலோ வெள்ளைக் கத்தரிக்காய்,
ஒரு கொத்துக் கறிவேப்பிலை.
ஒரு காய்கூட நசுங்கவில்லை.

அணிந்திருந்தார், இல்லை.
தெரியவில்லை, அதுவும் இல்லை; தெரிகிறதே.
பேனா நின்ற இடத்தில் மை ஊறிப் பொட்டாகியது.
நடுக்கட்டத்தில் டிக் போட்டேன்.
அவர் மனைவி வந்து கையெழுத்துப் போட்டு
செல்போன், பர்ஸ், செருப்பு ஒன்று,
காயையும் வாங்கிப் போனாள்.
அதற்குப் பட்டியலில் இடமில்லை; வெறுமனே கொடுத்தேன்.

விடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது
ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தினேன்.
என் ஹெல்மெட்டின் வார் அறுந்து மூன்று மாதம்.
போலீஸ் நிற்கிற இடத்தில்
ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓட்டுவேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை, கட்டம் நிரப்புகிறவள்.

"ராத்திரி எத்தன?"
ஒன்று.
"போட்டிருந்தானா?"
கையில், என்றேன்.

சிரிக்க வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்தார்.
பழைய டப்பாவைக் கவிழ்த்து
பக்கிள் ஒன்று தேடி, வார் கோத்து,
தாடைக்குக் கீழே இழுத்துப் பார்த்தார்.
காசு வாங்கவில்லை.
"கழுத்து வலிக்கும், சொல்லிட்டேன்."

வலித்தது.