கச்சான் பதிப்பகம், மண்டபம்

படிவத்தில் ஏதோ ஒரு கட்டம்
பதிப்பகத்தின் பெயர் கேட்டது.
அதுவரை அப்படி ஒன்று எனக்கு இல்லை.
ஆடி மாதம்,
ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது.
கச்சான் என்று எழுதினேன்.
முகவரி: ஐஸ் கம்பெனிக்குப் பின்னால், மண்டபம்.
உரிமையாளர், ஆசிரியர், விற்பனை மேலாளர்,
பார்சல் தூக்குகிறவர்
எல்லாம் லூர்து பெல்சியா,
ஐஸ் கம்பெனிக் கணக்கு.

தடைக்காலத்தில் எழுதியது.
அறுபத்தோரு நாள் விசைப்படகு போகாது.
பார் உடைக்கிற சத்தம் கிடையாது.
முதலாளி ஃபேனுக்குக் கீழே குறட்டை விடுவார்.
பாக்கி நோட்டைப் பின்பக்கம் திருப்பி
ஒரு பெண்ணை வீட்டைவிட்டுக் கிளப்பினேன்.
மூன்று தடைக்காலம் நடந்தாள்.
எங்கே போகிறாள் என்று
நாலாவதில்தான் எனக்கே தெரிந்தது.
முன்பக்கம், செயின்ட் மேரி படகு, நாற்பது பார், பாக்கி.
பின்பக்கம், பாம்பன் பாலத்தில்
ரயில் கதவைப் பிடித்தபடி அவள்.
நோட்டுத் தாள் மெலிசு.
பாக்கித் தொகை அவள் கன்னத்தில் தெரிந்தது.

சென்னைப் பதிப்பகம் ஒன்று
எட்டு மாதம் கழித்துப் பேசியது.
அருமை மேடம், நல்ல மண்வாசனை என்றது.
முந்நூறு பிரதியை நானே வாங்கிக்கொள்ளணும் என்றது.
அந்த நண்டு அத்தியாயம் தேவையா என்றது.
நண்டை எடுத்துவிட்டால்
அன்று ராத்திரி அவள் எதைத் தின்பாள்?
வைத்துவிட்டேன்.

சீட்டைத் தள்ளி எடுத்தேன்.
கழிவு போக முப்பத்தெட்டாயிரம்.

அரண்மனை வாசல் டி.டி.பி. கடையில்
ஹிதாயாதான் அடித்தாள்,
கல்யாணப் பத்திரிகைக்கும் ஜெராக்ஸுக்கும் நடுவில்.
பாதியில் கையை எடுத்துவிட்டு,
'அக்கா, இவ திரும்பி வருவாளா மாட்டாளா,
இப்பவே சொல்லிருங்க' என்றாள்.
சொல்லவில்லை. அன்றைக்குக் கடையை
ஒன்பது மணிக்குத்தான் அடைத்தாள்.
மூன்று முறை மெய்ப்புப் பார்த்தோம்.
லகரம் ளகரம் ழகரம்
ஒவ்வொன்றாய் விரட்டிப் பிடித்தோம்.

சிவகாசியிலிருந்து இருநூறு பிரதி, நாலு கட்டு.
எங்கள் வீட்டில் சுவரே வியர்க்கும்.
கழுவிக் காயவைத்த தெர்மகோல் பெட்டிகளில்
அடுக்கி மூடினேன்.
இப்போதும் முதல் பக்கத்தைத் திறந்தால்
லேசாகச் சீலா வாடை.

அன்று ராத்திரியே கண்ணில் பட்டது,
நூற்றிப் பன்னிரண்டாம் பக்கம்.
கடல் அமைதியாக இருந்தது என்று எழுதியிருந்தேன்.
கடன் அமைதியாக இருந்தது
என்று அச்சாகியிருந்தது.
இருநூறிலும்.

சோறு இறங்கவில்லை.
கறுப்புப் பேனா எடுத்துத்
திருத்த உட்கார்ந்தேன்.
பதினோராவது பிரதியில் மை தீர்ந்தது.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு கடைக்காரர்
ஐந்து பிரதி வாங்கி
ராசிபலனுக்குப் பின்னால் வைத்தார்.
பங்குத்தந்தை ஒன்று வாங்கி
ஆசீர்வதித்து
என்னிடமே திருப்பித் தந்தார்.
முதலாளி அட்டையைப் பார்த்து,
'நோட்டு எதுக்கு ஆறு மாசத்துல தீருதுன்னு
இப்பத்தான் தெரியுது' என்றார்.

சேசு இருதயம், செயின்ட் மேரி டிரைவர்,
ஐஸ் ஏற்ற வந்தவர்
மேஜையில் கிடந்ததை எடுத்தார்.
'எவ்வளவு?'
'இருநூத்தி இருபது.'
'பாக்கில ஏத்திக்க.'

நாலாம் நாள் விடியலில்
செதில் ஒட்டிய கையோடு நின்றார்.
'நூத்திப் பன்னெண்டாம் பக்கம் பொய் தாயி.
கடன் என்னைக்கு அமைதியா இருந்திருக்கு?'
'அண்ணே, அது அச்சுப் பிழை.
கடல்னு இருக்கணும்.'
கொஞ்ச நேரம் யோசித்தார்.
'அதுவும் பொய்தான்.'
பிறகு, 'அந்த நண்டு சரியா இருக்கு' என்றார்.
இருபது பார் கேட்டார்.

நோட்டைத் திருப்பினேன், முன்பக்கம்.
செயின்ட் மேரி, ஐஸ் இருபது பார், பாக்கி.
அதற்குக் கீழே
செயின்ட் மேரி, நாவல் ஒன்று, பாக்கி.

புதுப் பேனா வாங்கிவிட்டேன்.
நூற்றி எண்பத்தொன்பது பிரதிகளை
இன்னும் திருத்தவில்லை.