சொல்ல விருப்பமில்லை

பதினான்கு கேள்விகள்.
பாம்பன் புயல் காப்பகத்தில் நாடகம் முடிந்து
நாற்காலி அடுக்கும் சத்தத்துக்கு நடுவே
ஒரு கட்டுத் தாளும்
நூலில் கட்டிய பேனாக்களுமாய் வாசலில் நின்றேன்.
பெயர் வேண்டாம் என்று மேலேயே அச்சிட்டிருக்கிறது.
எல்லோரும் பெயரைத்தான் முதலில் எழுதினார்கள்.

மூக்கம்மாள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.
தொழில்: பாசி எடுப்பது.
பாசிக்குக் கட்டமில்லை, 'பிற'வில் போட்டேன்.
உடற்குறை ஏதும் உண்டா?
பதில் இல்லை.
"இந்தப் பக்கம் வந்து கேளு தாயி,
அந்தக் காது கடலுக்குள்ளயே போச்சு."
வந்து கேட்டேன்.
"கொறையா? எனக்கா?"
இல்லை என்றே குறித்தேன்.
அவள் ஏன் இடது ஓர நாற்காலிக்கு
அத்தனை சண்டை போட்டாள் என்பதற்கும்
கட்டமில்லை.

மண்டபம் முகாமிலிருந்து தர்சிகா.
பிறந்த இடம்: மண்டபம்.
குடியுரிமை:
நூல் இறுகும்வரை பேனாவை இழுத்துப்போய்
வெளிச்சத்தில் நின்று யோசித்தாள்.
குண்டு குண்டாய் எழுதித் தந்தாள்:
நீங்களே போடுங்கோ.

பதினொன்றாவது, சாதி.
அதன் கடைசிக் கட்டம்: சொல்ல விருப்பமில்லை.
மைக்செட் நாகூர்கனி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"சொல்ல மாட்டேங்கிறதையும்
டிக் அடிச்சுத்தான் சொல்லணுமா?"

ராத்திரி எண்ணினேன். அறுபத்து மூன்று.
பெண்கள் பத்தொன்பது.
பதினான்காம் கேள்வி
'நிகழ்ச்சிக்கு வர உங்களைத் தடுத்தது எது?'
வந்தவர்களிடம் கேட்டிருக்கிறேன்!

விடிந்ததும் மிச்சத் தாளோடு கரைக்குப் போனேன்.
ஈரக் கைகளில் தாள் கிழிந்தது.
"போட்டு கெளம்புற நாள்ல ஆட்டம் வச்சா
ஐஸ் யாரு ஏத்துறது?" என்றது ஒரு குரல்.
இன்னொருத்திக்கு நாடகம் நடந்ததே தெரியாது.
வலைக்குவியல் மேல் உட்கார்ந்து
கிழிசல் கோத்துக்கொண்டிருந்த டெல்வின்
ஊன்றுகோலைக் காலடியில் நகர்த்திவிட்டு
ஒரே பதில் சொன்னான்: "பதினேழு படி."

திரும்பிப் போய் எண்ணினேன்.
பதினேழுதான்.
நேற்று நான் ஓடி ஓடி ஏறிய படி.

பேருந்து பாலத்தில் ஏறும்போது
மடியில் ஒரு தாள் மீந்திருந்தது, என்னுடையது.
பதினொன்றில் பேனா நின்றது.
சாயல்குடி என்று நான் ஊர் சொன்னதும்
எந்தத் தெரு என்று கேட்பவர்களுக்கு
இத்தனை கட்டம் தேவைப்பட்டதில்லை.
தாளில் தெருவுக்கு இடமில்லை.
அந்த மட்டில் நல்ல தாள்தான்.
காற்றில் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு
குலுங்கிக் குலுங்கி
எழுதத் தொடங்கினேன்.