அசிட்டோனில் நனைத்த பஞ்சு

ஔலுவில் ஜனவரி. மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
பரிசோதனைக்கூடத்தில் ரைலி
பஞ்சை அசிட்டோனில் நனைத்து
ஒரு சில்லின் முதுகைத் துடைக்கிறாள்.
நகப்பூச்சு கழுவும் அதே வாசனை.

ஐந்தாவது தேய்ப்பில் சாயம் வெளுக்கிறது.
பழமொழிக்காகச் சொல்லவில்லை,
பஞ்சு நிஜமாகவே கறுத்துவிட்டது.

கறுப்புக்கு அடியில் ஒரே திசையில் கீறல்கள்,
உப்புத்தாள் உரசியவை.
கீறல்களுக்கும் அடியில், விளக்கைச் சாய்த்தால்,
அரைகுறையாய் ஒரு தேதி:
இரண்டாயிரத்து ஒன்பது, முப்பத்தோராவது வாரம்.
மேலே அச்சிட்டிருந்ததோ போன வருஷம்.

இத்தனை நாள் எங்கே இருந்தாய்?
ஏதோ ஒரு சலவை இயந்திரத்துக்குள்
யார் யார் சட்டைகளோ சுழல்வதை எண்ணிக்கொண்டா?
பலகையை அடுப்பில் வாட்டி உன்னைப் பெயர்த்தது யார்?
வளைந்த கால்களை நிமிர்த்தி ஈயம் பூசிய விரல்களுக்கு
சில்லு ஒன்றுக்கு என்ன கூலி?

சில்லு வாய் திறக்காது.
அமிலம் திறக்கும்.
சொட்டுச் சொட்டாய் ஓட்டைத் தின்று
புகை அடங்கியபின், உள்ளே
கடுகுக்குச் சற்றுப் பெரிய ஒரு நகரம்.
அதே கம்பெனி. அதே தெருக்கள்.

தமிழ் இலக்கணத்திலும் போலி உண்டு.
நிலம் நிலன் ஆகும், அறம் அறன் ஆகும்;
எழுத்து மாறும், பொருள் மாறாது.
ரைலிக்கு இது தெரிய வழியில்லை.
அவள் படிவத்தில் போலிக்கு ஒரு சிவப்புக் கட்டம்.

குளிர்ப்பெட்டிக்குள் மைனஸ் நாற்பது,
ஜன்னலுக்கு வெளியே இருபத்தெட்டு.
ரயில் தடம் மாறும் இடங்களில்
பனி உறையாமல் சூடேற்றும் பலகைகளுக்கான சில்லுகள் இவை.
பெயர் மாற்றிய பன்னிரண்டும் விழித்துக்கொண்டன.
நாற்பது வாரம் காத்திருந்து
முத்திரையும் சான்றிதழுமாய் வந்த அசல் சுருளில்
இரண்டு எழுந்திருக்கவேயில்லை.

இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள்.
இல்லை.

வெய்க்கோ காபியோடு வந்து நிற்கிறான்.
வியாழக்கிழமை அனுப்பியாக வேண்டும்.
"பழசு ஓடுகிறதே?"
"இன்றைக்கு."
"சரி, புதுசு?"
அவள் இரண்டு தாளையும் அவன் பக்கம் திருப்புகிறாள்.
இரண்டிலும் சிவப்பு, இரண்டிலும் அவள் கையெழுத்து.
முன்னதற்குக் காரணம் எழுத ஒரு வரி போதுமாயிருந்தது.
பின்னதற்குப் பக்கம் போதவில்லை.
கோப்பை வைத்த இடத்தில் ஒரு வட்டக் கறை.
அவன் ஒன்றும் சொல்லாமல் போகிறான்,
சொல்லியிருக்கலாம்.

வெள்ளி இரவு, கெமிக்குப் போகும் ரயில்
ஊரில்லாத இடத்தில் நின்றது.
தடம் மாறுமிடத்தில் பனி, மன்னிக்கவும் என்றது ஒலிபெருக்கி.
எதிர் இருக்கைக்காரர் ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தார்.
ரைலி ஆவி படிந்த கண்ணாடியை முழங்கையால் துடைத்தாள்.
வெளியே மஞ்சள் கோட்டில் ஒருவர்,
நெற்றியில் விளக்கு,
கையில் வெறும் துடைப்பம்.
குனிந்து பெருக்குகிறார், நிமிர்கிறார், மூச்சு வெள்ளையாய்ப் போகிறது,
மறுபடி குனிகிறார்.

இருபது நிமிஷம் ஆயிற்று.
அவர் கையைத் தூக்கிக் காட்டியதும்
ரயில் ஒரு தரம் நடுங்கி
தடம் மாறியது.