மூன்று மீதி

தண்டையார்பேட்டை.
டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேல்மாடி.
வெந்த ரப்பர் வாசத்தில் எட்டுப் பலகைகள்.
நான் நடுவர்.
பகலில் ஜீரோ கேட்டில்
கன்டெய்னர் எண்களைக் குறிக்கிறவன்.

விதியைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்,
டேப் பாதி விட்டுப்போய் ஆடுகிறது:
எதிராளி தன் பகடையைக் கையில் எடுக்கும்வரை
உன் பகடை குவளைக்குள் இருக்க வேண்டும்.
முந்தி உருட்டினால்
அவர் தன் நகர்த்தலை முடித்துவிட்டுச் சொல்லலாம்:
இருக்கட்டும், அல்லது மறுபடி உருட்டு.
மூன்றாம் தடவை ஒரு புள்ளி போகும்.

எத்திராஜுலு இன்றைக்கு ஒன்று வாங்கிவிட்டான்.

எண்ணூர் நெடுஞ்சாலையில்
நாற்பதடி ட்ரெய்லரோடு
இரண்டு ராத்திரி வரிசையில் நிற்கிறவன்.
ஹாரன் அடிக்கமாட்டான்.
டயருக்குப் பின்னால் ஸ்டவ்வைப் பற்றவைத்து
சங்கரா மீன் குழம்பு கொதிக்கவிட்டு
அடுத்த வண்டி நெல்லூர்க்காரனுக்கும் ஊற்றுவான்.
பலகை முன்னால் உட்கார்ந்தால் மட்டும்
மணிக்கட்டில் யாரோ
கிளட்சை விட்டுவிடுகிறார்கள்.

எதிரே நூர்ஜமீலா, மண்ணடி.
ஷார்ஜாவில் பதினோரு வருஷம் தையல்,
ஆட்டமும் அங்கே பிடித்ததுதான்.
ஊசி கோக்கிற கண்ணோடுதான்
காயைத் தொடுவாள்.

அவளுக்கு மூன்று மீதி.
ஐந்தாம் வீட்டில் ஒரு காய் தனியே,
ஏழாம் வீட்டில் ஒரு காய் தனியே,
ஒன்றுக்குத்தான் துணை அனுப்ப முடியும்.
அவனுக்கோ
மற்ற காயெல்லாம் வீடு சேர்ந்தாச்சு,
இரண்டு மட்டும் அவள் முதல் வீட்டில் அடைபட்டு.
நாலு விழுந்தால் ஐந்தை வெட்டுவான்,
ஆறு விழுந்தால் ஏழை.

விரல் இரண்டுக்கும் நடுவில்.
மின்விசிறி.
கீழே யாரோ டயரைத் தட்டிப் பார்க்கிற சத்தம்.

உருட்டிவிட்டான்.

ஆறு. ஆறு.

"ஐயோ, கை தவறிச்சு சார்."
"கை தவறல, கை ஓடிச்சு" என்றது
பின்னாலிருந்து ஒரு குரல்.
நான் தாளில் எழுதினேன்:
இரண்டாம் தடவை. மறு உருட்டல்.
பின்னே, இரட்டை ஆறை
யார் விட்டுக்கொடுப்பார்கள்?

நூர்ஜமீலா அவசரப்படவில்லை.
பத்தாம் வீட்டிலிருந்து ஒரு காயை எடுத்து
ஏழில் வைத்தாள்.
தட்டி நேராக்கினாள்.
"இருக்கட்டும்."

இரண்டு பேர் கை தட்டினார்கள்,
பெரிய மனசு என்றார்கள்.
"தேங்க்ஸ்க்கா" என்றான் எத்திராஜுலு,
குனிந்தான்.
ஏழு பூட்டு.
ஆறு வைக்க வேறு இடமில்லை.
நாலுக்குத் திறந்திருந்த ஐந்தாம் வீட்டை
பார்த்துக்கொண்டே இருந்தான்.

மறு உருட்டலை நான் கோடு போட்டு அடித்தேன்.
அதை அவள் கவனித்தாள்.
முந்திக்கொண்ட நடுவருக்கு
அந்தத் தாளில் கட்டமில்லை.

தன் குவளையை அசைக்காமல்
பிடித்துக்கொண்டிருந்தாள்,
அவன் அந்த இரண்டு ஆறையும்
பலகையிலிருந்து எடுக்கும்வரை.

நேரமாயிற்று, எடுக்க.